நைஹாஞ்சி கட்டா: சுவரோடு ஒட்டிய சண்டையா, கைக்கெட்டும் தூரத்துச் சண்டையா?

பக்கநடை எழுதியது:

ஷோட்டோகான் கராத்தே வகுப்பில் ஐந்து ஹெயான் கட்டாக்களையும் (கட்டா என்றால் தனியாளாக வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொடர்) முடித்துவிட்டு டெக்கி ஷோடான் தொடங்கியிருக்கிறேன். மற்றப் பள்ளிகளில் இதற்கு நைஹாஞ்சி என்று பெயர். இங்கே பலருக்கும் அந்தப் பெயர்தான் பழக்கம் என்பதால் தலைப்பில் அப்படியே போட்டேன்.

ஹெயான் கட்டாக்களில் முன்னே போகிறோம், திரும்புகிறோம், மூலைக்குப் பாய்கிறோம். எதிரி எங்கே நிற்கிறான் என்பதை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். இதில் அந்த வசதி இல்லை. தரையில் ஒரு கோடு கிழித்தால் அந்தக் கோட்டின் மேலேயே நண்டு போல வலப்பக்கம் போய், இடப்பக்கம் வந்து, புறப்பட்ட இடத்தருகே முடிந்துவிடுகிறது. முன்னால் ஓர் அடிகூட எடுத்து வைப்பதில்லை.

ஏன் இப்படி என்று விசாரித்தால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிறது என்கிறார் ஒருவர். படகில் நின்று சண்டை போடுவதற்கு என்கிறார் இன்னொருவர். வயல் வரப்பு, குதிரை முதுகு என்றும் கேட்டாகிவிட்டது. சுவர்க் கதையை வீட்டில் சோதித்துப் பார்த்தேன். முதுகைச் சுவரில் வைத்து நின்றால், கையை இடுப்புக்கு இழுக்கும்போது முழங்கை சுவரில் இடிக்கிறது. அந்த இழுப்போ கட்டா முழுக்க வருகிறது. வரப்புக் கதையில் வேறு சிக்கல்: நான் வரப்பில் நிற்கிறேன் என்றால் எனக்கு எதிரே இருப்பவன் சேற்றில் நிற்க வேண்டும். அப்படி நின்றுகொண்டு வம்புக்கு வருகிறவன் மேல் எனக்கு இரக்கம்தான் வருகிறது.

விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். இந்தக் கட்டா எங்கிருந்து வந்தது? எதற்காக?

ஷுரி_வழி எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. முதலில் வரலாற்றைப் பார்ப்போம்.

இன்று நீங்கள் ஐந்து ஹெயானுக்குப் பிறகு இதைக் கற்கிறீர்கள். ஒகினாவாவின் ஷுரி நகரில் வரிசை அப்படி இருக்கவில்லை. அங்கே முதலில் கையில் கொடுக்கப்பட்ட கட்டா நைஹாஞ்சிதான். ஹெயான்கள், அதாவது பின்னான்கள், அதற்கு வெகுகாலம் கழித்து வந்தவை. ஒகினாவா அடங்கிய ரியூக்யூ அரசை ஜப்பான் 1879இல் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதன்பின் 1901இல் ஷுரியின் தொடக்கப் பள்ளியில் கராத்தே பாடமாக நுழைந்தது. அதற்கு வழி செய்தவர் இடோசு அன்கோ. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றவை என்று அவர் தொகுத்தவைதான் ஐந்து பின்னான்களும். ஆகவே நீங்கள் எளிய பாடங்களை முடித்துக்கொண்டு கடினமான பாடத்துக்கு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பழைய வாசலுக்கு இப்போதுதான் வந்திருக்கிறீர்கள்.

இடோசுவுக்கு முந்திய பெரிய பெயர் மட்சுமுரா சோகோன். ரியூக்யூ அரசர்களின் மெய்க்காவலர். அவர் வழியில் வந்தவர்களிடம் நைஹாஞ்சி அடித்தளமாக இருந்தது. இன்று ஷோடான், நிடான், சாண்டான் என்று மூன்றாக இருப்பதில் பின்னிரண்டையும் இடோசுதான் அமைத்தார் என்பது மரபு. முன்பு ஒரே நீண்ட கட்டாவாக இருந்ததை அவர் மூன்றாக வெட்டினார் என்று சொல்கிறவர்களும் உண்டு.

சீனத் தொடர்பு பற்றி: மொடோபு சோகி தம் 1926ஆம் ஆண்டு நூலில், நைஹாஞ்சி போன்ற சில கட்டாக்கள் சீனாவிலேயே அற்றுப்போய் ரியூக்யூவில் மட்டும் எஞ்சியிருக்கின்றன என்று எழுதியிருக்கிறார். ஷுரி, நாஹா, டோமாரி மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். நாஹா துறைமுகத்துக்குச் சீனக் கப்பல்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. நாஹா வழியில் அடித்தளக் கட்டா சாஞ்சின். கோஜு ரியூ, உயெச்சி ரியூ பள்ளிகளில் இன்றும் அதுதான், அங்கே நைஹாஞ்சி கிடையாது. ஓர் ஊரிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம், ஆனால் ஆளை உருவாக்குவதற்கு எடுத்துக்கொண்ட கட்டா வேறு வேறு. சாஞ்சின் மூச்சிலிருந்து தொடங்குகிறது, நைஹாஞ்சி தொடையிலிருந்து.

டெக்கி என்பது ஃபுனகோஷி கிச்சின் டோக்கியோ போன பிறகு வைத்த பெயர். 1922இல் அங்கே போனவர், ஜப்பானியருக்கு நாக்கில் நிற்கும்படி பல கட்டாக்களின் பெயரை மாற்றினார். குசாங்கு கன்கு ஆயிற்று, சிண்டோ கன்காகு ஆயிற்று. அதே ஃபுனகோஷி, இந்த மூன்று நைஹாஞ்சிகளில் மட்டும் தாம் பத்தாண்டுகள் செலவழித்ததாக எழுதியிருக்கிறார். நம் வகுப்புகளில் ஒரு பெல்ட்டுக்கும் அடுத்த பெல்ட்டுக்கும் நடுவில் முடித்துவிடுகிறோம்.

காஞ்சிக்காரன் எழுதியது:

எல்லாரும் ஷுரி, நாஹா என்கிறீர்கள். மூலத்தைச் சொல்ல ஏன் இவ்வளவு தயக்கம்? காஞ்சியிலிருந்து போன போதிதர்மர் ஷாவோலினில் கற்றுக்கொடுத்தது சீனாவில் குங்ஃபு ஆகி, ஒகினாவாவில் கராத்தே ஆனது. நைஹாஞ்சியின் நிலையைப் பாருங்கள், நம் ஊர்ச் சிலம்பத்தில் உட்காரும் நிலைதானே?

ஷுரி_வழி எழுதியது:

காஞ்சிக்காரரே, இந்த மேடையில் கராத்தே பற்றி எந்த இழை தொடங்கினாலும் பத்துப் பதிவுகளுக்குள் போதிதர்மர் வந்துவிடுகிறார். இந்த முறை மூன்றாவது பதிவிலேயே வந்துவிட்டார்.

அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 547ஆம் ஆண்டைச் சேர்ந்தது. யாங் சுவான்ஷி என்பவர் லோயாங் நகரக் கோயில்களைப் பற்றி எழுதியபோது, பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்று அவரைக் குறிப்பிடுகிறார். தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்ற செய்தி அவருடைய சீடர் வட்டத்தைச் சேர்ந்த டான்லின் எழுதியதில் வருகிறது. காஞ்சி என்று ஊரைச் சொல்வது அதற்கும் பிற்பட்ட மரபு. அவர் தெற்கிலிருந்து போயிருக்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்தப் பழைய குறிப்புகளில் அவர் தியானம் சொல்லிக்கொடுக்கிறாரே தவிர, யாருக்கும் குத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரை உடற்பயிற்சியோடு முடிச்சுப் போட்டது இ ஜின் ஜிங் என்ற நூல். அது 1624ஆம் ஆண்டை ஒட்டியது. போதிதர்மருக்கும் அதற்கும் நடுவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி.

கால்களை அகட்டி உட்காரும் நிலை உலகில் மனிதர் சண்டை போட்ட எல்லா ஊரிலும் உண்டு. மங்கோலிய மல்லர்களும் அப்படித்தான் உட்காருகிறார்கள். சிலம்பத்துக்குப் பெருமை சேர்க்க அதற்கே சொந்தச் சரக்கு நிறைய இருக்கிறது. ஒகினாவாக்காரர்களின் உழைப்பை இரவல் வாங்க வேண்டியதில்லை.

மூன்றாம்_டான் எழுதியது:

வரலாறு போதும். கட்டாவுக்கு வருவோம்.

நான் நெடுங்காலமாக ஷோட்டோகான் சொல்லித்தருகிறேன். இந்தக் கட்டா எந்த ஒரு சண்டைக் காட்சியையும் நடித்துக் காட்டுவதற்காக ஏற்பட்டதில்லை என்பது என் கருத்து. சுவரும் இல்லை, படகும் இல்லை. உடலைச் செய்வதற்காக ஏற்பட்டது. இடோசு 1908இல் கல்வி அதிகாரிகளுக்கு எழுதிய பத்துக் குறிப்புகளைப் படியுங்கள். முதுகு நிமிர்ந்து, தோள் தாழ்ந்து, கால்களில் வலு இறங்கி, அடிவயிற்றில் சக்தி நிற்க வேண்டும் என்கிறார். டெக்கியில் நாம் செய்வது அதுவேதான்.

பாதங்களின் வெளி விளிம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். முழங்கால்களை வெளிநோக்கித் தள்ள வேண்டும், எடை இரண்டு காலிலும் சமமாக இருக்க வேண்டும். குறுக்குக் கால் வைக்கும்போது தலை மேலே எழும்பக் கூடாது. எழும்பினால் அங்கேயே தோற்றுவிட்டீர்கள். ஷோடானில் 29 அசைவுகள், நிடானில் 24, சாண்டானில் 36. இவ்வளவு நேரமும் தொடை எரியும். எரியட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஹெயானில் இடுப்பைச் சுழற்றிக் குத்துகிறோம். டெக்கியில் இடுப்பு பூட்டியிருக்கிறது. கொக்கிக் குத்தான காகி சுகி போடும்போது முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடிந்து, முன்கை மார்புக்கு இணையாக நின்றுவிடும். ஓடிவந்து அடிக்க இடமில்லை, சுழல இடமில்லை. அந்தக் குறுகிய இடத்துக்குள் வயிற்றையும் முதுகையும் இறுக்கி எப்படி வலுவை வெளியே அனுப்புவது என்பதுதான் பாடம். இதற்கு எதிரி எதற்கு?

இப்போது இணையத்தில் எல்லாக் கட்டாவுக்குள்ளும் மல்யுத்தம் தேடுகிறார்கள். தேடினால் கிடைக்கத்தான் செய்யும்.

பிடிமல்லன் எழுதியது:

ஐயா, நான் ஜூடோக்காரன். கராத்தே எனக்கு இரண்டாவது. தேடாமலே கண்ணில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கட்டாவின் தொடக்கத்தை மட்டும் பாருங்கள். வலப்பக்கம் பார்வை போகிறது. இடக்கால் வலக்காலின் முன்னே குறுக்காக வருகிறது. வலக்காலை எடுத்து வைத்து, வலக்கையைப் புறங்கை வெளிப்பட விரித்து நீட்டுகிறோம். அடுத்து இடது முழங்கை வந்து வலது உள்ளங்கையில் அறைகிறது. தன் உள்ளங்கையிலேயே ஒருவன் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்? "இலக்கைக் காட்டுவதற்கு" என்று வகுப்பில் சொன்னார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. விரிந்த கை எதிரியின் கையைத் தட்டி விலக்கிவிட்டு அவன் கழுத்தின் பின்புறத்தைப் பிடிக்கிறது. பிறகு அந்தத் தலையை முழங்கைக்கு இழுத்துவருகிறது. உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில் இருப்பது எதிரியின் தாடை. அதைத் தொடர்ந்து மடக்கிய கைகள் இரண்டும் வலது இடுப்பில் அடுக்கிக்கொண்டு நிற்கின்றன. பிடித்ததை உடலோடு ஒட்டி இழுக்கும்போது கைகள் தாமாக அங்கேதான் வந்து நிற்கும். ஜூடோ விரிப்பில் சட்டையைப் பிடித்து இழுத்தவர் எவரும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

குறுக்குக் காலும் அப்படியே. நாம் அதை நடை என்று நினைக்கிறோம். ஒருவனைப் பிடித்துக்கொண்டு அதே காலைத் தூக்கி வைத்துப் பாருங்கள். அவன் முழங்காலுக்குக் கீழே எலும்பில் நேராகப் போய் இறங்கும். கட்டாவின் நடுவில் வரும் நமி கயெஷி, பாதத்தை உள்பக்கமாக மேலே வீசி இறக்குகிறோமே, அதுவும் அந்தத் தூரத்துச் சரக்கு. அவன் காலை உள்ளிருந்து தட்டலாம், தொடையின் உள்பக்கத்தைத் தாக்கலாம், அவன் நம் காலை வார வந்தால் தப்பலாம். மூன்றும் பிடித்து நிற்கும் தூரத்தில் மட்டுமே வேலை செய்யும். இரண்டடி தள்ளி நிற்பவனிடம் இது வெறும் நடனம்.

மூன்றாம் டான் ஐயா சொன்ன "ஓடிவந்து அடிக்க இடமில்லை" என்பதையே நான் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். இடம் ஏன் இல்லை? ஒருவன் மார்பு நம் மார்பில் முட்டிக்கொண்டு நிற்பதால்தான்.

ஐயப்பாடு எழுதியது:

அருமையான கற்பனை அண்ணா. ஆனால் எனக்கு ஒரு கேள்வி. இதே அசைவுகளுக்கு நீங்கள் தலையைப் பிடிக்கிறீர்கள் என்கிறீர்கள், வேறொரு காணொளியில் ஒருவர் கைமூட்டைப் பூட்டுகிறார், இன்னொருவர் தடியைப் பறிக்கிறார். அசைவு ஒன்று, விளக்கம் நூறு. இப்படி எதையும் எதிலும் படிக்கலாம் என்றால், நீங்கள் கட்டாவிலிருந்து கற்கவில்லை. ஜூடோவில் கற்றதைக் கட்டாவின் மேல் எழுதுகிறீர்கள். பன்காய் (கட்டா அசைவுகளுக்குச் சண்டை விளக்கம் சொல்வது) என்ற பெயரில் நடப்பதில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் எண்ணம்.

விளக்கம் சரியா என்று எப்படிச் சோதிப்பது? அதைச் சொல்லுங்கள், நம்புகிறேன்.

பிடிமல்லன் எழுதியது:

நியாயமான கேள்வி அக்கா. நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இது. எதிரி ஒரு குத்து விட்டுவிட்டுக் கையை நீட்டியபடி சிலைபோல் நின்றால்தான் நடக்கும் என்கிற விளக்கத்தை முதலில் தள்ளிவிடுவேன். அடுத்து, சும்மா இருக்கும் கையைப் பார்ப்பேன். கட்டாவில் இடுப்பில் கிடக்கும் கைக்கு ஒரு வேலை சொல்லாத விளக்கம் அரை விளக்கம். பிறகு வரிசை. கட்டா ஓர் அசைவிலிருந்து அடுத்ததற்குப் போகிற வழியில்தான் சண்டையும் போக வேண்டும், நடுவில் நமக்குப் பிடித்ததைச் செருகிக்கொள்ளக் கூடாது. கடைசியாக, பயிற்சித் தோழரை உண்மையாகவே எதிர்க்கச் சொல்ல வேண்டும். இதிலெல்லாம் தேறி வருகிற விளக்கம் நூறு இருக்காது, இரண்டு மூன்றுதான் மிஞ்சும். நான் செய்து பார்த்த மட்டில், தடி பறிப்பது வரிசையிலேயே விழுந்துவிடுகிறது.

ஷுரி_வழி எழுதியது:

பிடிமல்லனுக்குத் துணையாக ஓர் எழுத்துச் சான்று தருகிறேன். மூன்றாம் டான் ஐயா எடுத்துக்காட்டிய அதே 1908 கடிதம். அதே பத்துக் குறிப்புகளில் ஒன்றில் இடோசு, கட்டாவின் ஒவ்வோர் அசைவின் கருத்தையும் தெரிந்துகொண்டு பலமுறை பழக வேண்டும் என்கிறார். உள்ளே புகுவது, ஏற்பது, விடுவித்துக்கொள்வது, பிடிப்பது ஆகியவற்றுக்கு முறைகள் உண்டு, அவை பெரும்பாலும் வாய்மொழியாகச் சொல்லப்படுபவை என்கிறார். எழுதி வைக்காத பாடம் ஒன்று இருந்தது என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கட்டளை போட்டுச் செய்யவைத்தபோது அந்த வாய்மொழிதான் முதலில் உதிர்ந்திருக்கும். உடற்பயிற்சி எஞ்சியது. ஆகவே ஐயா சொல்வதும் உண்மை, ஆனால் அது 1901க்குப் பிந்திய உண்மை.

இன்னொரு சான்று மொடோபு சோகி. 1870இல் அரச குடும்பக் கிளையில் பிறந்தவர். மூன்றாம் மகன் என்பதால் குடும்பக் கலை அண்ணனுக்குப் போய்விட்டது. இவர் இடோசுவிடமும் டோமாரியைச் சேர்ந்த மட்சுமோரா கோசாகுவிடமும் கற்றுக்கொண்டு, மீதியைத் தெருவில் கற்றார். மரங்களில் தாவுவதில் வல்லவர் என்பதால் குரங்கு என்றே பட்டப்பெயர். 1921இல் ஒசாகா பக்கம் குடியேறியவர், கியோட்டோவில் மேடையேறி வெளிநாட்டுக் குத்துச்சண்டைக்காரர் ஒருவரை வீழ்த்தினார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. 1925இல் கிங்கு என்ற பத்திரிகை அந்தச் சண்டையை எழுதியபோது, படத்தில் அவருக்குப் பதிலாக ஃபுனகோஷியின் சாயலை வரைந்துவிட்டார்கள். இருவருக்கும் ஏற்கெனவே ஆகாது. இந்தப் படம் அதற்கு நெய் ஊற்றியது.

நம் இழைக்கு அவர் ஏன் முக்கியம் என்றால், கராத்தே உலகம் சண்டைக்காரர் என்று ஒப்புக்கொண்ட அந்த மனிதர் எல்லாவற்றையும் விட அதிகமாகப் பிடித்துக்கொண்டது நைஹாஞ்சியைத்தான். நைஹாஞ்சியில் கால்கள் இருக்கும் நிலையை அப்படியே இடமோ வலமோ திருப்பினால் அதுவே சண்டையில் நிற்கும் நிலை என்று அவர் சொன்னார். பக்கநடையின் கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது. கட்டாவின் கோடு நாம் போகும் பாதை என்று எடுத்துக்கொள்வதால்தான் சுவர் தேவைப்படுகிறது. எதிரி நம் முன்னால்தான் நிற்கிறான், நாம் அவனுடைய பக்கவாட்டுக்கு நகர்கிறோம் என்று எடுத்துக்கொண்டால் சுவரும் வரப்பும் காணாமல் போய்விடுகின்றன. தலை திரும்புவது புதிதாக ஒருவன் வந்ததற்காக அன்று. நாம் நகர்ந்த பிறகு அதே ஆள் இப்போது அந்தப் பக்கம் இருக்கிறான், அவ்வளவுதான்.

அவர் வலியுறுத்திய இன்னொன்று மெயோட்டோ டே, கணவன் மனைவிக் கை. இரண்டு கைகளும் ஒன்றாகவே புழங்க வேண்டும். ஒன்று முன்னே, மற்றது அதன் முழங்கையை ஒட்டி. முன்னே இருக்கும் கை அடிக்கும், தேவைப்பட்டால் தடுக்கும், பின்னே இருக்கும் கை உடனே அதன் இடத்தைப் பிடிக்கும். நைஹாஞ்சி ஷோடானில் ஒரு முன்கை நிமிர்ந்து நிற்க, மற்றக் கை அதன் முழங்கைக்குக் கீழே தாங்கியபடி இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு இதைப் படியுங்கள்.

மூன்றாம்_டான் எழுதியது:

வாய்மொழி என்று கடிதத்தில் இருப்பது எனக்கும் தெரியும். வாய்மொழியாக என்ன சொன்னார் என்பது கடிதத்தில் இல்லை. அந்த வெற்றிடத்தை ஆளுக்கொரு விதமாக நிரப்புவதைத்தான் குறை சொல்கிறேன்.

மொடோபுவையே சாட்சிக்கு அழைப்பதானால் முழுதாக அழையுங்கள். அவருடைய 1926 நூலில் இருக்கும் இருவர் பயிற்சிகள் பன்னிரண்டும் நெருங்கிய தூரத்தில் குத்தும் தட்டும் தள்ளும் வகை. அவற்றில் தலையைப் பிடித்து ஆட்டும் நாடகம் அதிகம் இல்லை.

ஐயப்பாடு எழுதியது:

ஐயா சொல்வதோடு ஒத்துப்போகிறேன். அதே நேரம் நெருங்கிய தூரம் என்பதை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். தலைப்பில் கேட்ட கேள்விக்கு அந்த அளவில் உங்கள் விடையும் பிடிமல்லன் விடையும் ஒன்றுதானே?

மூன்றாம்_டான் எழுதியது:

தூரத்தில் சண்டை இல்லை, விளக்கத்தில்தான் சண்டை. சரி, தூரத்தை ஒப்புக்கொள்கிறேன். சுவரை நான் எப்போதும் ஒப்புக்கொண்டதில்லை.

பக்கநடை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம். ஷோரின் ரியூ பழகும் நண்பன் ஒருவன் இதே கட்டாவைச் செய்து காட்டினான். அவன் என்னைவிட ஒரு சாண் உயரத்தில் நிற்கிறான், பாதங்கள் உள்நோக்கி இருக்கின்றன. நான் தொடை கிழிய உட்கார்ந்திருக்கிறேன். இருவரும் ஒரே இடோசுவின் பிள்ளைகள்தானே? யார் மாறியது?

ஷுரி_வழி எழுதியது:

உங்கள் பக்கம்தான் அதிகம் மாறியது. கோபயாஷி ஷோரின் ரியூவைத் தொடங்கிய சிபானா சோஷின் 1885இல் பிறந்து 1969 வரை ஒகினாவாவிலேயே இருந்து, இடோசுவிடம் கற்றதைச் சொல்லிக்கொடுத்தவர். அந்த வழியில் நிலை உயரம், கால் விரிவு குறைவு. ஃபுனகோஷியின் பழைய படங்களில்கூட இன்றைய ஷோட்டோகான் அளவுக்குத் தாழ்வு இல்லை. 1930களில் டோக்கியோவின் பல்கலைக்கழக மன்றங்களில் இளைஞர்கள் சேரச் சேர நிலைகள் நீண்டு தாழ்ந்தன. 1932இல் வந்த மொடோபுவின் இரண்டாவது நூலில் அவரே நைஹாஞ்சி ஷோடானைச் செய்யும் படங்கள் உள்ளன. அறுபதை ஒட்டிய ஒரு கனத்த மனிதர், எந்த நேரமும் நகர்ந்துவிடக்கூடியவர்போல நிற்கிறார். தொடைக்குப் பயிற்சி கொடுக்கும் எண்ணமே அவரிடம் தெரியவில்லை.

வாடோ ரியூவைத் தொடங்கிய ஓட்சுகா ஹிரோனோரி ஃபுனகோஷியிடம் கற்றவர், மொடோபுவோடும் பழகியவர். அவர் நைஹாஞ்சியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நிடான், சாண்டான் இரண்டையும் பாடத்திட்டத்தில் சேர்க்கவில்லை. மபுனி கென்வாவின் ஷிட்டோ ரியூவில் மூன்றும் உண்டு. கொரியாவின் டாங் சூ டோவிலும் மூன்றும் உண்டு, அவர்கள் நைஹான்ஜி என்பார்கள். கடல் தாண்டியும் பிழைத்திருக்கிற கட்டா போட்டி மேடைகளில் மட்டும் அரிதாகிவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கியூனா ரியோ ஒகினாவாக்காரர்தான், இறுதியில் அவர் எடுத்தது ஓஹான் டாய் என்ற வேறொரு கட்டா. தாவல் இல்லாத, திரும்பல் இல்லாத ஒரு கட்டாவை வைத்துக்கொண்டு நடுவரிடம் மதிப்பெண் வாங்குவது பெரிய பாடு.

எலும்பும்_தசையும் எழுதியது:

இயன்முறை சிகிச்சை செய்கிறவள் என்ற முறையில் ஒரே ஒரு விஷயம். ஆழம் எவ்வளவு என்று ஆண்கள் மல்லுக்கட்டுகிறீர்கள். முழங்கால் வலியோடு என்னிடம் வரும் கராத்தே பிள்ளைகளிடம் நான் பார்ப்பது வேறு. பாதம் நேராக இருக்க, முழங்கால் உள்ளே சரிந்திருக்கும். எவ்வளவு தாழ்ந்தாலும் முழங்கால் பாதம் காட்டும் திசையிலேயே இருக்க வேண்டும். அந்த ஒழுங்கு குலையும் இடம்தான் உங்களுடைய இன்றைய ஆழத்தின் எல்லை. ஷோரின் வழியில் பாதத்தை உள்ளே திருப்புகிறவர்கள், திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வருகிறதா என்று கவனியுங்கள். பாதத்தை மட்டும் முறுக்கிக்கொண்டு முழங்காலை எதிர்த்திசையில் தள்ளினால், அந்த முறுக்கலை முழுக்கச் சுமப்பது முழங்கால்தான்.

வலி இருந்தால் "எரியட்டும்" என்ற அறிவுரையைப் பின்பற்ற வேண்டாம். தொடை எரிவது வேறு, மூட்டு வலிப்பது வேறு.

மூன்றாம்_டான் எழுதியது:

தொடையைத்தான் சொன்னேன் அம்மா. முழங்கால் உள்ளே விழுந்தால் நானே தட்டி எழுப்பிவிடுவேன்.

பக்கநடை எழுதியது:

அடுத்த மாதம் கிரேடிங், அடுத்த பெல்ட்டுக்கான தேர்வு. உயரமாக நின்றால் மாஸ்டர் விடுவாரா? பிடிமல்லன் சொன்னதைத் தனியே பழக வேண்டுமானால் எங்கே தொடங்குவது?

பிடிமல்லன் எழுதியது:

கிரேடிங்கில் உங்கள் பள்ளி கேட்பதைக் கொடுங்கள் தம்பி, அங்கே போய் மொடோபு பேச வேண்டாம். மற்ற நாள்களில் ஒரு தோழரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் வலக்கையின் மணிக்கட்டையோ சட்டையையோ பிடித்துத் தள்ளட்டும், விடாமல் தள்ளட்டும். நீங்கள் பின்வாங்காமல் பக்கத்துக்கு நகர்ந்து, முதல் மூன்று அசைவுகளை மட்டும் செய்யுங்கள்: விரித்த கை, முழங்கை, மடக்கிய இரண்டு கையும் இடுப்பில். முழங்கையை மெதுவாக, அவர் மார்பில் வைத்தால் போதும், தாடை வேண்டாம். நிலையை உயர்த்தியும் தாழ்த்தியும் பாருங்கள். அவர் தள்ளும் வேகத்தில் எந்த உயரத்தில் நகர முடிகிறது என்று கால்களே சொல்லும். அது வசப்பட்ட பிறகு இடப்பக்கம் செய்யுங்கள். பலரும் இடப்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள், கட்டா அதையும் ஏன் முழுதாகத் திருப்பிச் செய்யச் சொல்கிறது என்பது அப்போதுதான் புரியும்.

மூன்றாம்_டான் எழுதியது:

குறுக்குக் கால் வைக்கும்போது தலை எழும்புகிறதா என்று அந்தத் தோழரையே பார்க்கச் சொல்லுங்கள். கிரேடிங்கில் முதலில் மதிப்பெண் போவது அங்கேதான்.